உணர்கொம்பு: கலைச்சொல் தொகுப்போருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பூச்சியின் தலையிலிருந்து இணையாக நீளும் அந்த உறுப்புக்கு உங்கள் தொகுப்புகளில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரி: 'ஆன்டெனா: உணர்கொம்பு'. சிலவற்றில் உணர்நீட்சி என்றிருக்கும், சிலவற்றில் உணரி, இன்னும் சிலவற்றில் உணர்விழை. ஒரு புத்தகத்தில் படித்த பெயரை அடுத்த புத்தகத்தில் வேறோர் உறுப்பின் மேல் பார்த்து மாணவர் விழிக்கிறார். சொல் பிறந்த கதையென்று எதாவது எழுதப்பட்டிருந்தால், அதில் பாதி பிழை. அடுத்த பதிப்பில் இந்த ஒரு பதிவையாவது புதிதாக எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஒற்றைச் சொல்லுக்கு இத்தனை நீளமா என்று தோன்றலாம். பூச்சியினங்களைப் பிரித்தறியும் எந்தத் திறவுகோலை எடுத்தாலும் முதல் சில கேள்விகளுக்குள் இந்த உறுப்பு வந்துவிடும். பெயரில் குழம்பியவர் அங்கேயே நின்றுவிடுவார்.

முதலில் பிறப்பு. அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலின் நான்காம் பகுதியில், சில பூச்சிகளுக்குக் கண்களுக்கு முன்னால் 'கெராயா' உண்டு என்கிறார். வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். கிரேக்கத்தில் 'கெராஸ்' என்றால் கொம்பு. அதன் வழிவந்த 'கெராயா' கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் பலவற்றுக்கும் பெயர். கப்பலில் பாயைக் கட்டும் குறுக்குமரமும் கெராயா. எழுத்தில் நீளும் சிறு கோடும் கெராயா.

அந்நூலை 15ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர் தியோடோர் காசா. தெசலோனிக்காவில் பிறந்து இத்தாலிக்குக் குடிபெயர்ந்த கிரேக்க அறிஞர். அவருடைய பெயர்ப்பு 1476இல் வெனிஸில் அச்சேறியது. லத்தீனில் கொம்புக்குக் 'கார்னு' என்ற சொல் கைவசம் இருந்தும், பூச்சியின் கெராயாவுக்கு அவர் அதை எடுக்கவில்லை. கப்பல் பொருளைப் பிடித்துக்கொண்டு 'ஆன்டென்னா' என்று எழுதினார். லத்தீனில் ஆன்டென்னா என்பது பாயைத் தாங்கும் குறுக்குமரம். கடலோரத் தமிழில் பருமல். பெயர்ப்பு என்ற அளவில் இது சற்று விசித்திரமான தேர்வுதான், ஆனால் ஆதாரமற்றதன்று. பருமலின் இரு நுனிகளையும் லத்தீன் கவிஞர்கள் 'கொம்புகள்' என்றே பாடியிருக்கிறார்கள். வர்ஜிலிடமும் அந்த வழக்கு உண்டு. அன்றைய மத்தியதரைக் கடலின் முக்கோணப் பாய்க் கப்பல்களில் பருமல் நுனி நோக்கிச் சிறுத்து, சாய்வாக மேலெழுந்து நிற்கும். அதைப் பார்த்த கண்ணுக்கு வண்ணத்துப்பூச்சியின் தலை அந்நியமாகப் பட்டிருக்காது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது தமிழ் நூல்களில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆன்டென்னா என்றால் பாய்மரம் என்று எழுதுவது முதல் பிழை. பாய்மரம் நிற்பது, அதற்கு லத்தீனில் 'மாலுஸ்'. ஆன்டென்னா அதன்மேல் குறுக்கே தொங்குவது. இரண்டும் வேறு என்பதற்கு சீசரின் போர்க்குறிப்பைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கி.மு. 56இல் கால் நாட்டுக் கடலோர இனமான வெனட்டி மக்களின் கப்பல்களோடு நடந்த கடற்போரில், ஆன்டென்னாவைப் பாய்மரத்தோடு பிணைத்திருந்த கயிறுகளை ரோமானியர் நீண்ட கழிகளில் பொருத்திய கொக்கிகளால் இழுத்து அறுத்தார்கள். ஆன்டென்னா விழ, கப்பல் செயலற்று நின்றது. ஆகவே பாய்மரம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பருமல் என்று எழுதுங்கள். அந்தச் சொல் மாணவருக்குப் புதிது என்றால் 'பாயைக் கட்டும் குறுக்குமரம்' என்று விரித்துச் சொன்னால் போதும்.

'ஆன்டே' என்றால் முன். ஆகவே முன்னால் நிற்பது ஆன்டெனா என்று பிரித்துக் காட்டுவது இரண்டாம் பிழை. கேட்கப் பொருத்தமாக இருப்பதாலேயே இது பரவுகிறது. பூச்சிக்குப் பெயர் வந்த வழியில் 'முன்' என்ற பொருளுக்கு வேலையே இல்லை. சொல் முழுதாக, கப்பலிலிருந்து வந்தது. 'தொட்டு உணர்வது' என்பதே லத்தீன் மூலப்பொருள் என்று எழுதுவோரும் உண்டு. அந்தப் பொருள் லத்தீன் சொல்லில் எங்கும் கிடையாது.

மூன்றாவது, வானொலி ஆன்டெனாவைப் பார்த்துப் பூச்சிக்கு அப்பெயர் வைத்தார்கள் என்பது. கால வரிசையே தலைகீழ். கம்பியில்லாத் தந்திக்கு அந்தச் சொல் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், மார்க்கோனியின் காலத்தில். இத்தாலியத்தில் ஆன்டென்னா நட்டுவைத்த கம்பத்துக்கும் வழங்கும். பூச்சியோ அதற்குள் நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது.

லத்தீன் சொல் வென்ற பிறகும் பூச்சியியல் கொம்பை விட்டுவிடவில்லை என்பதையும் பதிவில் ஒரு வரி சேர்க்கலாம். கொசுவும் அதன் உறவுகளும் அடங்கிய கூட்டத்துக்கு நெமட்டோசெரா, அதாவது இழைக்கொம்பு. வண்ணத்துப்பூச்சிகளுக்கு ரோபலோசெரா, அதாவது தடிக்கொம்பு. இரண்டிலும் வரும் 'செரா' அரிஸ்டாட்டிலின் கெராஸ்தான். ஆனால் கரப்பான்பூச்சியின் வால்முனையில் இருக்கும் 'செர்சி' இந்தக் குடும்பமன்று. அது 'கெர்கோஸ்', வால் என்ற பொருள்தரும் வேறொரு கிரேக்கச் சொல். ஒலி ஒத்திருப்பதால் அதையும் கொம்பு என்று மொழிபெயர்த்து, தலையில் ஓரிணை, வாலில் ஓரிணை என்று உணர்கொம்புகளை அடுக்கிவிடாதீர்கள்.

இனித் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். எங்கள் தேர்வு உணர்கொம்பு. பழக்கம் மட்டும் காரணமில்லை. தமிழில் கொம்பு என்றால் மாட்டின் கொம்பு, மரத்தின் கிளை, எழுத்தின் உறுப்பு. கெகரத்துக்கு ஒற்றைக்கொம்பு, கேகாரத்துக்கு இரட்டைக்கொம்பு என்று சொல்லித்தானே குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கிறோம்? கெராயாவும் விலங்கிலிருந்து தொடங்கி எழுத்துவரை இதே தூரம் நடந்த சொல். மத்தேயு 5:18இல் தமிழ் விவிலியம் 'எழுத்தின் உறுப்பு' என்று பெயர்த்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது கெராயாதான். காசா கப்பலேறித் தேடிய பெயர்ச்சொல் தமிழில் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதன்முன் 'உணர்' என்று சேர்த்தவர்கள் செயலையும் சொல்லிவிட்டார்கள். அரிஸ்டாட்டிலோ காசாவோ சொல்லாதது அது.

கொம்பு என்பதில் ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. காண்டாமிருக வண்டின் தலையில் நிமிர்ந்து நிற்பது மெய்யான கொம்பு: மேலுறை தடித்து வளர்ந்தது, மூட்டு இல்லை, அசையாது. அதே வண்டுக்குத் தகடு தகடாக முடியும் உணர்கொம்புகளும் தனியாக உண்டு. எனவே 'உணர்' என்ற முன்பகுதியை எங்கும் விட்டுவிடக் கூடாது. வாக்கியம் நீள்கிறதே என்று 'கொம்புகள்' எனச் சுருக்குவது இங்கே தகவல் பிழையாகிவிடும்.

மற்ற மூன்று சொற்களையும் வீணாக்க வேண்டாம். 'உணரி' மின்னணுவியலில் சென்சாருக்கு நிலைத்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும். 'உணர்விழை'யை நத்தையின் டென்டக்கிளுக்குக் கொடுங்கள். நத்தையின் உறுப்பில் மூட்டே கிடையாது; தொட்டால் உள்ளிழுத்துக்கொள்ளும்; நிலத்து நத்தைகள் பலவற்றில் மேல் இணையின் நுனியில் கண்ணே இருக்கும். பூச்சியின் உணர்கொம்பு துண்டு துண்டாக இணைந்தது, மடக்கலாம், தலைக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. இவை இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. 'உணர்நீட்சி' வாயுறுப்புகளில் இருக்கும் பால்ப்புக்குப் பொருந்தும். பால்ப் என்பதன் லத்தீன் வேருக்கு வருடுதல், தடவிப்பார்த்தல் என்றே பொருள். 'தொட்டு உணர்வது' என்ற விளக்கம் உண்மையில் சேர வேண்டிய இடம் அதுதான்.

இந்தப் பிரிவினை வெறும் ஒழுங்குக்காக அன்று. பெண் அனோபிலஸ் கொசுவின் பால்ப்புகள் உறிஞ்சுகுழல் அளவுக்கு நீண்டிருக்கும். பெண் கியூலெக்ஸ் கொசுவில் அவை மிகக் குட்டை. மலேரியா பரப்பும் கொசுவை உருப்பெருக்கியில் கண்டுகொள்ளக் கற்றுத்தரும் முதல் அடையாளங்களில் ஒன்று இது. உணர்கொம்பு, பால்ப் இரண்டுக்கும் உணர்நீட்சி என்றே எழுதிய நூலை வைத்துக்கொண்டு ஒருவர் எதை அளப்பார்?

அடுத்து உணர்கொம்பின் பகுதிகளுக்கான பெயர். இங்கேதான் தொகுப்புகள் மிகவும் சறுக்குகின்றன. உணர்கொம்புக்கு மூன்று பகுதிகள்: அடியில் ஸ்கேப், லத்தீனில் தண்டு, அதன்மேல் பெடிசெல், சிறு காம்பு, பிறகு ஃபிளாஜெல்லம், சாட்டை. அடித்தண்டு, காம்பு, சாட்டை என்று தமிழில் வைத்தால் மூலமும் வடிவமும் ஒருசேர நிற்கும். ஃபிளாஜெல்லத்தைக் 'கசையிழை' என்று எழுதாதீர்கள். அது ஒருசெல் உயிரிகளின் நீந்தும் இழைக்கு ஏற்கெனவே போய்விட்டது, செல் அளவிலான வேறொரு உறுப்பு.

சாட்டையின் துண்டுகளைக் 'கணுக்கள்' என்று அழைப்பதும் மாற வேண்டும். தலைக்குள்ளிருந்து வரும் தசைகள் அடித்தண்டை அசைக்கின்றன. அடித்தண்டுக்குள் இருக்கும் தசைகள் காம்பை அசைக்கின்றன. அதற்கு மேல் தசையே இல்லை. சாட்டை தானாக மடங்காது, காம்பு போகும் பக்கம் போகும். கொல்லெம்போலா, டிப்ளூரா ஆகிய, பூச்சிகளுக்கு நெருங்கிய இறக்கையற்ற ஆறுகாலிகளில் நிலைமை வேறு: கடைசித் துண்டைத் தவிர ஒவ்வொன்றுக்குள்ளும் தசை உண்டு. 1939இல் பூச்சியியலாளர் ஏ. டி. இம்ஸ் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்து எழுதினார். தசையுள்ள துண்டு மெய்யான கணு. தசையற்றது வெறும் வளையம். பூச்சிகளுக்கு 'இரண்டு கணுக்களும் பல வளையங்களும்' என்று எழுதினால் சரி. 'பல கணுக்களால் ஆனது' என்று எழுதினால் கொல்லெம்போலாவை வருணித்ததாகிவிடும்.

காம்பைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். பார்வைக்கு எளிய துண்டு அது. உள்ளே இருப்பது ஜான்ஸ்டன் உறுப்பு. பால்டிமோர் மருத்துவர் கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன் 1855இல் கொசுவில் அதைக் கேட்கும் கருவி என்று வருணித்தார். ஒலியில் சாட்டை அதிர, காம்புக்குள் இருக்கும் நரம்புச் செல்கள் அந்த அதிர்வைப் படிக்கின்றன. ஆண் கொசு பெண்ணின் இறக்கை ஓசையைக் கேட்பது இப்படித்தான். சாட்டையின் அடர்ந்த மயிர்கள் காற்றின் அசைவை வாங்குகின்றன.

இதையொட்டி ஒரு படப்பிழை. 'கடிக்கும் கொசு' என்று தலைப்பிட்ட படங்களில் இறகுபோல் அடர்ந்த உணர்கொம்பை வரைகிறார்கள். அது ஆணின் அடையாளம், ஆண் கடிக்காது. பெண் கொசுவின் சாட்டையில் மயிர்கள் குட்டை, ஒவ்வொரு வளையத்துக்கும் சில மட்டுமே. ஓவியருக்குக் கொடுக்கும் குறிப்பில் ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். அப்படியே, உணர்கொம்பு தலையுச்சியில் முளைத்த மயிர்போல அன்றி, கண்களுக்கு இடையிலோ முன்னாலோ ஒரு குழிக்குள்ளிருந்து புறப்படும் என்பதையும். குழியின் விளிம்பில் உள்ள ஒரு சிறு முனை மேல் அடித்தண்டு திரும்புகிறது. எல்லாப் பக்கமும் ஆட முடிவது அதனால்தான்.

எண்ணிக்கைகளிலும் கவனம் வேண்டும். தேனீயின் உணர்கொம்பில் 12 துண்டுகள் என்று மொத்தமாக எழுதப்பட்டிருக்கும். வேலைக்காரத் தேனீக்கும் ராணிக்கும் 12 (அடித்தண்டு 1, காம்பு 1, வளையங்கள் 10). ஆண் தேனீக்கு 13, ஏனெனில் சாட்டையில் ஒரு வளையம் கூடுதல். கொடுக்குள்ள குளவி, தேனீக் கூட்டங்களில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்பது பொதுவாக எதிர்பார்க்கத்தக்கது, விலக்குகள் இருந்தாலும். கரப்பானில் நூற்றுக்கு மேற்பட்ட வளையங்கள், தோலுரிக்கும்தோறும் கூடும். நுனி ஒடிந்தும் இருக்கும். அங்கே துல்லியமான எண் கொடுப்பதே தவறு.

பதிப்பிக்கும் முன் சரிபார்க்க விரும்புவோருக்கு முறை எளிது. உணர்கொம்பை அதன் குழியோடு சேர்த்துக் கழற்றுங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் அடித்தண்டு தலையிலேயே தங்கிவிடும், எண்ணிக்கை ஒன்று குறையும். உலர்ந்த மாதிரி என்றால் முதலில் ஈரத்துணி வைத்த மூடிய பெட்டியில் ஒரு நாள் வைத்து இளக்க வேண்டும். பிறகு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், சூடாக்காமல், இரவு முழுதும். கொசு போன்ற மெல்லியவற்றுக்குச் சில மணி நேரமே போதும். கரைசல் தசையையும் கொழுப்பையும் தின்று கைட்டின் உறையை மட்டும் விட்டுவைக்கும். துண்டுகளின் எல்லை அப்போது தெளியும். அதிக நேரம் விட்டால் மயிர்கள் உதிர்ந்து, எல்லைகளும் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிறிவிடும். நீரில் இருமுறை கழுவி, ஒரு துளி அசிட்டிக் அமிலத்தால் காரத்தை முறித்து, 70, 90, 100 சதவீத ஆல்கஹாலில் பத்துப் பத்து நிமிடம் வைத்து, கிராம்பு எண்ணெய் வழியாகக் கனடா பால்சம் என்ற பிசினில் பதியுங்கள். கழுவுவதில் அவசரப்பட்டால் கண்ணாடிச் சில்லில் படிகங்கள் பூக்கும். அடித்தண்டின் கீழ்முனையில் ஒரு சிறு கழுத்துப்பகுதி இருக்கும். எறும்பிலும் குளவியிலும் அதைத் தனித் துண்டாக எண்ணிவிடுவது வழக்கமான தவறு. ஹைட்ராக்சைடு தோலை அரித்துவிடும் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். தசைகளைக் காட்ட நினைத்தால் இந்த முறை உதவாது.

வடிவப் பெயர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஆங்கில விளக்கத்திலிருந்து பெயர்க்காமல் லத்தீன் மூலத்தைப் பாருங்கள். எறும்பு, தேனீ, பல கூன்வண்டுகளில் காணும் மடங்கிய வகையை 'முழங்கை வடிவம்' என்கிறோம்; லத்தீனில் அது முழங்கால். முழங்கையும் புரிகிறது, இருக்கட்டும். ஆனால் வீட்டு ஈயின் 'அரிஸ்டா'வை வெறும் 'மயிர்' என்று எழுதியிருப்பது இழப்பு. அரிஸ்டா என்பது தானியக் கதிரில் மணியின் நுனியிலிருந்து நீளும் கூர்முள். தடித்த துண்டின் மேல் அது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் நிலையை அந்தப் பெயரே வரைந்து காட்டும். கறையானுக்கு மணிமாலை, சொடுக்கு வண்டுக்கு இரம்பப்பல், ஆண் பட்டு அந்துக்கு இரட்டைச் சீப்பு, வண்ணத்துப்பூச்சிக்குத் தடி: இவை ஏற்கெனவே நன்றாக இருக்கின்றன, கைவைக்க வேண்டாம். லின்னேயஸ் 1758இல் வண்ணத்துப்பூச்சி, பருந்தந்து, மற்ற அந்துகள் என்று மூன்று பேரினங்களாகப் பிரித்தபோது உணர்கொம்பின் நுனி தடித்ததா, நடு தடித்ததா, அடியிலிருந்து மெலிந்து போகிறதா என்பதையே அடையாளமாக வைத்தார். வடிவப் பெயர் துல்லியமாக இருந்தால்தான் அந்தப் பத்தி தமிழில் புரியும்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதும் பதிவில் வர வேண்டும். பூச்சிகளுக்கும் பூரான், மரவட்டைகளுக்கும் ஓரிணை. இறால், நண்டுகளுக்கு இரண்டு இணை. சிலந்தி, தேளுக்கு இல்லவே இல்லை. சிலந்தியின் முன்னால் தெரிவது பெடிபால்ப், வாயை ஒட்டிய வேறோர் இணை. பூச்சியின் உணர்கொம்புக்கு நரம்பு வருவது மூளையின் இரண்டாம் பகுதியிலிருந்து. இறாலின் முதல் இணைக்கும் அங்கிருந்துதான். சிலந்தியில் அதே இடத்து நரம்பு, நச்சுப்பல் தாங்கும் கெலிசெராவுக்குப் போகிறது. மேல்நிலை வகுப்பு நூலில் இந்த மூன்று வாக்கியங்கள் இருந்தால், ஏன் சிலந்தி பூச்சியாகாது என்ற கேள்விக்கு 'எட்டுக் கால்' என்பதைத் தாண்டி ஒரு பதில் கிடைக்கும்.

வேலையைச் சுலபமாக்க ஒரு மாதிரிப் பதிவை இங்கே தருகிறோம். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் கொள்ளலாம்.

"உணர்கொம்பு: பூச்சிகள், பலகாலிகள், ஓட்டுமீன்கள் ஆகியவற்றின் தலையில் உள்ள, மூட்டுடன் அசையும் புலனுறுப்பு. மணம், தொடுகை, ஒலி, ஈரம், வெப்பம் முதலியவற்றை உணரும். பூச்சியில் அடித்தண்டு, காம்பு, வளையங்களால் ஆன சாட்டை என்னும் மூன்று பகுதிகள். பன்னாட்டு வழக்கில் ஆன்டெனா: லத்தீனில் 'பருமல்'. அரிஸ்டாட்டிலின் 'கெராயா' (கொம்புபோல் நீள்வது, பருமல்) என்பதற்கு 15ஆம் நூற்றாண்டில் தியோடோர் காசா இட்ட பெயர்ப்பு. வானொலிப் பயன்பாடு பிற்காலத்தது. ஒப்பிடுக: உணர்நீட்சி (பால்ப்), உணர்விழை (டென்டக்கிள்)."

இதை ஏற்பதானால் கடைசியில் சொன்ன இரு சொற்களுக்கான பதிவுகளையும் அதே பதிப்பிலேயே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் திருத்தி மற்றவற்றை அடுத்த பதிப்புக்குத் தள்ளினால், இப்போதிருக்கும் குழப்பம் இன்னொரு பெயரோடு தொடரும். இணையத் தொகுப்புகளில் பழைய சொற்களை நீக்காமல், தேடினால் புதிய பதிவுக்கு வந்துசேரும்படி இணைத்து வையுங்கள். பழைய நூல்களைப் படிப்பவர்களுக்கு அவை இன்னும் பல ஆண்டு தேவைப்படும்.

இப்படிக்கு,
பூச்சியியல் கற்பிப்போரும் எழுதுவோரும் சிலர்